மருத்துவமனைக்கு வெளியே தொடங்கும் நலம்

2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சமூக ஊடகக் காணொளிகளின் வழியே தமிழ்நாடு முழுவதும் கூமாப்பட்டியின் பெயரை அறிந்துகொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், பிளவக்கல் அணை, நெல்வயல், தென்னந்தோப்பு என அவ்வூரின் நீரும் பசுமையும் பேசுபொருளாயின. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பேச்சில் இடம்பெறாமல் போன பழைய செய்தி ஒன்று உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், 1952-இல், இந்த ஊர் அடங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் தன் மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் கு. காமராஜர்.

காமராஜரைக் கல்விக் கண் திறந்தவர் என்றே தமிழ்ச் சமூகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது பொருத்தமே. ஆனால், வத்திராயிருப்பு வட்டாரத்தின் மலையடிவார ஊர்களில் சுகாதாரக் களப்பணியாளனாக நெடுங்காலம் நடந்து திரிந்த எனக்கு, அவருடைய வாழ்க்கை வேறொரு பாடநூலாகவும் தெரிகிறது. மருத்துவம் படிக்காத, சுகாதாரத் துறை குறித்துப் பெரிதாகப் பேசியிராத ஒரு மனிதர், மக்கள் நல்வாழ்வின் அடித்தளம் எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு செயல்பட்ட வரலாறு அது.

மருத்துவம் கேட்கும் கேள்வி, இந்த மனிதர் ஏன் நோயுற்றார் என்பது. பொதுச் சுகாதாரம் கேட்கும் கேள்வி, இந்தத் தெரு ஏன் அடிக்கடி நோயுறுகிறது, பக்கத்துத் தெரு ஏன் அவ்வளவாக நோயுறுவதில்லை என்பது. முதல் கேள்விக்கு விடை மருந்தில் கிடைக்கலாம். இரண்டாவதன் விடை குடிநீரில், உணவில், வீட்டில், கூலியில், பள்ளியில், சாதியில் பரவிக் கிடக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1848-இல் மேல் சைலீசியப் பகுதியில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராய அனுப்பப்பட்டபோது, மருந்துகளைப் பரிந்துரைப்பதோடு நிற்கவில்லை. கல்வியும், சுயாட்சி உரிமையும், வறுமை நீக்கமுமே அம்மக்களுக்கான மருத்துவம் என்று அறிக்கை அளித்தார். அந்த அறிக்கையைக் காமராஜர் படித்திருக்க வாய்ப்பில்லை. அதன் உட்பொருளை அவர் வேறு வழியில் கற்றிருந்தார்.

பிடி அரிசிப் பள்ளி: 1903-இல் விருதுப்பட்டியில், குமாரசாமி – சிவகாமி அம்மாள் இணையருக்குப் பிறந்தார் காமராஜர். அவருக்கு ஆறு வயது ஆனபோது தந்தை இறந்தார். சிவகாமி அம்மாள் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை வணிகர் ஒருவரிடம் ஒப்படைத்து, அதிலிருந்து வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். மகன் படித்தது சத்திரிய வித்யாசாலையில். வணிகர்களின் மகமைப் பணமும், வீடுதோறும் சமைக்கும்போது எடுத்துவைக்கப்பட்ட ஒரு கைப்பிடி அரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கின. பன்னிரண்டு வயதையொட்டிப் படிப்பு நின்றது; தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த வரலாற்றை ஏழ்மையிலிருந்து எழுந்த ஒரு தலைவரின் கதையாக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இதையே ஒரு சுகாதாரப் பணியாளரின் குறிப்பேட்டு மொழியில் எழுதிப் பார்க்கலாம். சம்பாதிப்பவர் இறக்கிறார், குடும்பத்தின் சேமிப்பு கரைகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது, சிறுவன் உழைப்புக்குப் போகிறான். இன்றும் கிராமங்களில் ஒரு காசநோய் மரணத்துக்கோ, ஒரு விபத்துக்கோ பின்னால் இதே வரிசையைக் காணலாம். நோய் வறுமையைக் கொண்டுவருகிறது. வறுமை அடுத்த நோய்க்கு வாசலைத் திறந்து வைக்கிறது. அந்தச் சங்கிலியை எங்கே அறுப்பது என்பதே கேள்வி. ஊரார் சேர்ந்து தரும் கைப்பிடி அரிசியால் ஒரு பள்ளி நடக்க முடியும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர். பிற்காலத்தில் பல லட்சம் குழந்தைகளுக்குச் சோறிட அவர் எடுத்த முடிவில், இந்தக் கைப்பிடி அரிசியின் நிழல் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

1939-இன் சட்டம்: இளமையிலேயே காங்கிரஸில் சேர்ந்த காமராஜர், 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். சுதந்திரத்துக்கு முன் பல தவணைகளில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் அவர் வாழ்வு சிறையில் கழிந்தது. 1937-இல் சாத்தூரிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார். அந்தச் சட்டமன்றத்தின் காலத்தில், ராஜாஜி தலைமையிலான அரசில், நிறைவேறியதே சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம், 1939. இந்தியாவில் இத்தகைய முழுமையான சட்டம் அதற்கு முன் வேறெங்கும் இருந்ததில்லை.

அந்தச் சட்டத்தின் அத்தியாயங்களைப் புரட்டினால், மருத்துவமனை பற்றிய பேச்சைவிட வேறு பேச்சுகளே மிகுதி. குடிநீர், கழிவுநீர், கழிப்பிடம், கொசு ஒழிப்பு, உணவுக் கலப்படம், தொற்றுநோய்த் தடுப்பு, தாய்சேய் நலம், திருவிழாக்களும் சந்தைகளும் என நீளும் பட்டியல் அது. உள்ளாட்சி அமைப்புகள் தம் வருவாயில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறும் மக்கள் தாணிப்பாறை அடிவாரத்தில் பெருந்திரளாகக் கூடும்போது, தண்ணீர்த் தொட்டிகளில் குளோரின் கலப்பதும், கழிப்பிடம் அமைப்பதும், வாந்தி பேதி எங்கேனும் தலைகாட்டுகிறதா என்று பார்ப்பதும் பொதுச் சுகாதாரத் துறையின் கடமையாகின்றன. அந்தக் கடமையின் வேர் இச்சட்டத்தில் இருக்கிறது. திருவிழா முடிந்து ஊரில் ஒருவரும் நோய்வாய்ப்படாவிட்டால், அது செய்தியாவதில்லை. பொதுச் சுகாதாரத்தின் வெற்றிகள் பெரும்பாலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாதவை. அரசியலில் அதற்குப் பாராட்டு கிடைப்பது அரிதாக இருப்பதன் காரணமும் இதுவே.

1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகக் காமராஜர் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் கூட்டத்துக்குச் சென்று பதவியிலிருந்து விலகினார். முழுமையாக நிறைவேற்ற இயலாத ஒரு பொறுப்பை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. குப்பையும் குடிநீரும் சாக்கடையும் சார்ந்த நகராட்சிப் பதவியை அலங்காரமாகக் கருதாத மனநிலை அதில் தெரிகிறது.

ஒரு மைல் கணக்கு: 1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் சென்னை மாநில முதலமைச்சரானார். பொறுப்பேற்றதும் எடுத்த முதன்மையான முடிவுகளில் ஒன்று, முந்தைய ஆட்சியில் 1953-இல் கொண்டுவரப்பட்ட அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்து வந்தது தொலைவைக் குறைக்கும் வேலை. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, 3 மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, 5 மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்ற இலக்கு வகுக்கப்பட்டது.

இதைக் கல்விக் கொள்கையாக மட்டும் பார்ப்பது குறைவான பார்வை. எந்தப் பொதுச் சேவையும் மக்களைச் சென்றடைவதைத் தீர்மானிக்கும் முதல் காரணி தொலைவுதான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்று பிற்காலத்தில் நாடு வகுத்துக்கொண்ட கணக்கின் அடிப்படையும் இதுவே. செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் வாழும் பளியர் குடியிருப்புகளில் இதன் பொருள் நன்றாகப் புரியும். தடுப்பூசி இலவசம்தான், ஆனால் அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து நடக்க வேண்டியிருந்தால், அது இலவசம் அல்ல. பள்ளியும் அப்படியே. தொலைவு என்பது ஏழைகளிடம் மட்டும் வசூலிக்கப்படும் ஒரு வரி. காமராஜர் குறைக்க முயன்றது அந்த வரியைத்தான்.

மதியச் சோறு: பள்ளியைப் பக்கத்தில் கொண்டுவந்தாலும் பசித்த குழந்தை வராது, வந்தாலும் கற்காது. சேரன்மாதேவிக்கு அருகே ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது ஆடு மேய்த்த சிறுவன் ஒருவனோடு நடந்த உரையாடலே இதை முதலமைச்சருக்கு உணர்த்தியது என்ற கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. கதை எப்படியாயினும், அதற்கு முன்னோடி உண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியிருந்தார். ஒரு நகரத்துப் பள்ளிகளில் நடந்ததை ஒரு மாநிலத்தின் கொள்கையாக்கியதே காமராஜரின் பங்கு.

அது எளிதாக நடக்கவில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களின் கணக்கில் அணையும் ஆலையும் மூலதனச் செலவு. குழந்தையின் சோறு திரும்பி வராத செலவு. நிதி எங்கே என்ற கேள்வி எழுந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு துணைநிற்க, முதலில் ஊராரின் கொடையைக் கொண்டே பல பள்ளிகளில் உணவு வழங்கப்பட்டது. 1956 ஜூலையில், பாரதி பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்க, எஞ்சியதை ஊர்மக்கள் அளித்தனர். 1961 முதல் கேர் நிறுவனத்தின் உணவுப் பொருள்களும் வந்துசேர்ந்தன. விருதுநகரின் கைப்பிடி அரிசி, அரசின் வரவுசெலவுத் திட்டத்துக்குள் நுழைந்த விதம் இது.

ஒரு வேளைச் சோறு உடலில் என்ன செய்கிறது? ஊட்டக்குறைவான குழந்தையின் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைவு. அதற்கு வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் எளிதில் வந்து, கடுமையாகவும் தாக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் உண்டதும் உடலில் ஒட்டாது; ஊட்டக்குறைவு இன்னும் ஆழமாகும். இந்தச் சுழலில் மருந்து ஓரிடத்தில் மட்டுமே நுழைகிறது. சோறும் சுத்தமான நீரும் சுழலையே உடைக்கின்றன.

அந்தச் சோற்றின் பலன் ஒரு தலைமுறையோடு முடிவதும் இல்லை. ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர் ஜான் கால்டுவெல் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைவாக இருந்தும் இறப்பு விகிதத்தைக் குறைத்த கேரளம், இலங்கை, கோஸ்டாரிகா ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். அவற்றுக்குப் பொதுவான காரணங்களில் முதன்மையாக அவர் கண்டது பெண்களின் கல்வி. படித்த தாய் நோயின் அறிகுறியை முன்னதாகக் கண்டுகொள்கிறாள். மருத்துவமனைக்குப் போகும் முடிவை வீட்டில் வலியுறுத்துகிறாள். பிள்ளைப்பேறுகளுக்கு இடையே இடைவெளி விடுகிறாள். 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் ஆய்விதழில் வந்த ஓர் இந்திய ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. பள்ளிப் பருவத்தில் மதிய உணவு பெற்ற பெண்கள் பிற்காலத்தில் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளிடம் வயதுக்கேற்ற வளர்ச்சி மேம்பட்டிருந்ததை அது காட்டியது. 1950-களின் ஒரு பள்ளித் திண்ணையில் இட்ட சோறு, 1980-களின் ஒரு தொட்டிலில் உயரமாகத் தெரியும் என்பதே இதன் பொருள். திரும்பி வராத செலவு என்று எண்ணப்பட்டது, பேரக்குழந்தைகளின் காலம்வரை வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது.

1951-இல் ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் எழுத்தறிவு, 1961-இல் 31 விழுக்காட்டைத் தாண்டியது. 1970-களின் தொடக்கத்தில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 100-க்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையும் முன் இறந்தன. 2020-இல் அந்த எண் 13 ஆனது. இந்த வீழ்ச்சி ஒரு மனிதரின் சாதனை அன்று. தடுப்பூசிகளும், கிராம சுகாதாரச் செவிலியர்களும், அடுத்தடுத்த ஆட்சிகளும் சேர்ந்து நிகழ்த்தியது. ஆயினும் அந்தச் செவிலியர் பேசிய சொற்களைப் புரிந்துகொண்ட தாய்மார்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால், விடை பள்ளிக்கூடத்தை நோக்கியே கை நீட்டும்.

மருந்தின் இடம்: உணவும் கல்வியும் போதும், மருத்துவம் எதற்கு என்று காமராஜர் ஆட்சி நினைக்கவில்லை. 1954-இல் மதுரையிலும், 1959-இல் தஞ்சாவூரிலும், 1960-இல் கீழ்ப்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி அது.

அங்கே நடந்த ஆய்வு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றுச் சிகிச்சை பெற்றனர். மற்றவர்கள் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959-இல் முடிவுகள் வெளிவந்தபோது, வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே அளவு பலன் தந்திருந்தது தெரிந்தது. நல்ல மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், வறுமையின் நடுவிலும் நோயாளியைக் குணப்படுத்த முடியும். சானடோரியத்தில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கானோருக்கு இது விடுதலைச் செய்தி.

ஆனால், குணமாவது ஒன்று. நோய் வராமலிருப்பது வேறு. 2023-இல் லான்செட் இதழில் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு இந்தக் கணக்கின் மறுபாதியைத் தந்தது. காசநோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. மாத்திரை நோயாளியைக் காப்பாற்றுகிறது. அரிசியும் பருப்பும் அவருடைய வீட்டைக் காப்பாற்றுகின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தவறான கேள்வி. ஆனால் ஒன்றை மட்டுமே நலத்திட்டம் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது.

வீட்டுக் குழாயும் தெருக் குழாயும்: காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது விருதுநகரில் தாயார் வசித்த வீட்டுக்கு நகராட்சி தனியாகக் குடிநீர் இணைப்புக் கொடுத்ததாகவும், அதையறிந்த அவர் உடனே துண்டிக்கச் சொன்னதாகவும் பலரும் எழுதியிருக்கிறார்கள். எளிமைக்கும் நேர்மைக்கும் எடுத்துக்காட்டாகவே இது மேடைகளில் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. முதலமைச்சரின் தாய் தெருக் குழாயில் நீர் பிடிக்கும் ஊரில், அந்தக் குழாயில் நீர் நின்றால் கேள்வி எழும். செல்வாக்குள்ளவர்கள் பொது அமைப்பை விட்டு வெளியேறும் நாளில்தான் பொது அமைப்பின் வீழ்ச்சி தொடங்குகிறது. பள்ளிக்கும் இது பொருந்தும்; மருத்துவமனைக்கும் பொருந்தும்.

நீரின் ஆற்றலை உணர நரம்புச் சிலந்தி நோயை நினைத்துக்கொண்டால் போதும். படிக்கிணறுகளிலும் குளங்களிலும் காலை நனைத்தவர்களின் உடலிலிருந்து புழு வெளியேறி, அந்நீரையே குடித்தவர்களின் உடலுக்குள் மீண்டும் புகும் நோய் அது. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, ஒழிக்கும் மருந்தும் இல்லை. படிக்கிணறுகளை மாற்றுவது, நீரை வடிகட்டுவது, ஆழ்துளைக் கிணறு அமைப்பது என்ற வேலைகளாலேயே அது ஒழிந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் பதிவானார். 2000-இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கலந்து, ஊரின் கடைசித் தெருக் குழாயில் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது களப்பணியின் அன்றாடம். அந்தக் கடைசித் தெரு எந்தச் சாதியினரின் தெரு என்பதைத் தமிழ்நாட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குழாயின் முதல் வீட்டில் நீர் நன்றாக இருப்பது சான்று ஆகாது. கடைசி வீட்டில் நன்றாக இருந்தால்தான் அது பொதுச் சுகாதாரம்.

எட்டாதவை: காமராஜரை வழிபாட்டுப் படமாக்குவதால் பயன் இல்லை. அவர் ஆட்சி தொட்டும் தீராதவை இருந்தன. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் 30 தரநிலை ஏக்கரில் எல்லை வகுத்தும், விலக்குகள் வழியே பெரும் நிலங்கள் பெரும்பாலும் தப்பின. நிலமற்ற கூலியின் வீட்டில் பள்ளி விடுமுறை நாளில் உலை எப்படி எரியும் என்ற கேள்வி அப்படியே நின்றது. 1957-இல், அன்று அவருடைய சொந்த மாவட்டமாக இருந்த இராமநாதபுரத்தில், முதுகுளத்தூர்ப் பகுதியில் சாதிக் கலவரம் மூண்டு பல உயிர்கள் போயின. அச்சத்தில் வாழும் சமூகம் நலமாக வாழ முடியாது. பள்ளியில் ஒரே பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள், தெருவுக்கு வந்ததும் வெவ்வேறு உலகங்களுக்குத் திரும்பினார்கள்.

அவர் 1957-இலும் 1962-இலும் வென்ற தொகுதி சாத்தூர். அந்தச் சாத்தூரும் பக்கத்துச் சிவகாசியும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலின் மையங்கள். வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அத்தொழில் சோறு தந்தது. பல்லாண்டு காலம் அது குழந்தைகளின் விரல்களையும் கேட்டது. மதியச் சோறு பள்ளிக்கு இழுக்க, தீப்பெட்டிக் கட்டு வீட்டுக்கு இழுத்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அந்த இழுபறி தொடர்ந்தது. குழந்தைகள் பெருமளவில் விடுபட்டுவிட்டாலும், பட்டாசு ஆலை விபத்துகளில் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், இன்றும் மடிகிறார்கள். தீக்காயப் பிரிவில் படுக்கைகளைக் கூட்டுவது மருத்துவத்தின் பதில். மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், உரிமம் பெற்றவரே ஆலையை நடத்துகிறாரா என்று முன்கூட்டியே பார்ப்பது பொதுச் சுகாதாரத்தின் பதில்.

1963 அக்டோபர் 2 அன்று கட்சிப் பணிக்காகப் பதவியிலிருந்து விலகினார் காமராஜர். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்கு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். உணவுத் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் சூழ்ந்த தேர்தல் அது. பள்ளிகளைத் திறந்தவரைத் தோற்கடித்தவர் படித்த தலைமுறையின் பிரதிநிதி என்பது வரலாற்றின் விசித்திரம். இன்னொரு வகையில் அது அவருடைய பணியின் வெற்றியும்கூட. 1975 அக்டோபர் 2 அன்று சென்னையில் காலமானார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

விட்டுச் சென்ற வேலை: அவரைத் தோற்கடித்த அரசியல், அவருடைய திட்டத்தைக் கைவிடவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை சேர்ந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு காலை உணவையும் தொடங்கியது. ஒரு கட்சி தொடங்கியதை அடுத்த கட்சி வளர்த்தெடுக்கும் இந்த மரபு, எந்த மருத்துவமனைக் கட்டடத்தையும்விட விலைமதிப்புள்ளது.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. 1985-இல் காமராஜர் பெயரிலேயே மாவட்டமாகப் பிரிந்து, 1997-க்குப் பின் விருதுநகர் என்று வழங்கும் அவருடைய மண், 2018-இல் ஒன்றிய அரசின் முனைப்பு மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள், மற்றொன்று இராமநாதபுரம். இரண்டுமே பழைய இராமநாதபுர மாவட்டத்தின் துண்டுகள். நல்வாழ்வும் ஊட்டமும் கல்வியும் இன்னும் கூடுதல் கவனம் கேட்கின்றன என்பதே அந்தப் பட்டியலின் பொருள்.

1970-களில் கட்டி முடிக்கப்பட்ட பிளவக்கல் அணையின் நிழலில் இருக்கும் ஊர்களிலும் இன்று கேன் தண்ணீர் வண்டி வருகிறது. வசதியுள்ளவர்கள் விலைக்கு வாங்கிக் குடிக்கிறார்கள். மற்றவர்கள் குழாய்க்குக் காத்திருக்கிறார்கள். பசியால் மெலிந்த பிள்ளைகளின் இடத்தில், நொறுக்குத் தீனியால் பருத்த பிள்ளைகளும் சர்க்கரை நோயுள்ள நடுவயதினரும் பெருகிவருகிறார்கள். இதற்கெல்லாம் நாம் தரும் விடை பெரும்பாலும் காப்பீட்டு அட்டையும் மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியுமாக இருக்கிறது. இரண்டும் தேவை. ஆனால் அவை நோயுற்ற பின் தொடங்குபவை. பள்ளிக்கு எதிரே விற்கும் பண்டம், விளையாட இடமில்லாத பள்ளி, மருந்துப்புகை சூழ்ந்த வேலையிடம், கடைசித் தெருவின் குழாய் ஆகியவை நோய்க்கு முன்னால் வருபவை. அவற்றுக்குக் கேள்வி கேட்பவர் குறைவு.

கூமாப்பட்டியின் நீரைக் காண வந்தவர்களுக்கு அது ஒரு காட்சி. அங்கே வாழ்பவர்களுக்கு அது குடிக்கவும் சமைக்கவும் பயிர் செய்யவும் வேண்டிய பொருள். ஒரு வட்டாரத்தின் நலத்தை அளக்க விரும்புவோர், அங்குள்ள மருத்துவமனைப் படுக்கைகளை எண்ணுவதற்கு முன், ஊரின் கடைக்கோடி வீட்டில் பிறந்த பெண் குழந்தை எத்தனை ஆண்டுகள் படித்தது, மதியம் என்ன சாப்பிட்டது, எந்த நீரைக் குடித்தது என்று கேட்க வேண்டும். 1952-இல் இந்த வட்டாரம் தேர்ந்தெடுத்து அனுப்பிய மனிதர், பதவியில் இருந்த 9 ஆண்டுகளும் அந்தக் கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தார். ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடும் பள்ளிகள், அன்று தம் குடிநீர்த் தொட்டியையும் சமையற்கூடத்தையும் ஒருமுறை திறந்து பார்த்தால், அது அவருக்குச் செலுத்தும் பொருத்தமான மரியாதையாக இருக்கும்.